பாடம் சொல்ல வந்து பாடம் படித்த துரைகள்

பெங்களூர் செயின்ட் மார்க்ஸ் ரோடு வழியாக பஸ்சில் போகிறவர்கள் பிஷப் காட்டன் பள்ளிக்கூடத்தின் மதிலைப் பார்க்காமல் இருக்க முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம், நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் நமக்கும் அங்கே சொந்தம் உண்டு. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர்.

எங்கள் ஆபீசில் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். "போப்பையரா? சாயர்புரம்" என்றார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இன்னொருவர் ஊட்டி என்றார். மற்ற இருவருக்கும் மெரினாவில் சிலை இருப்பது தெரியும். 1968-ம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலை அது. பெங்களூர் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நிலைமையும் அதுதான்.

வேறு ஒரு நாட்டுக்குப் போய் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதை இன்று ஒரு தொண்டாகச் செய்கிறார்கள். 1961-ல் அமெரிக்க அரசு "பீஸ் கோர்" என்ற தொண்டர் படையைத் தொடங்கிப் பல நாடுகளுக்கும் இளைஞர்களை அனுப்பியது. 1976 வரை நம் நாட்டுக்கும் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. போகிற ஊரின் மொழியை முதலில் படிக்கவேண்டும். பாடம் சொல்கிறவன் அந்த ஊருக்கு முதலில் மாணவனாக இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு அது.

அப்படிப்பட்ட படை எதுவும் இல்லாத காலத்தில், நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு, பெங்களூரில் இரண்டு வெள்ளைக்கார வாத்தியார்கள் அந்த வேலையைச் செய்தார்கள். ஒருவர் தமிழைப் படித்தார். மற்றவர் கல்லைப் படித்தார். இருவருமே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தான். வெள்ளைக்காரர் ஆட்சியின் நிழலில் இருந்தவர்கள்தான். அதையும் மறந்துவிடக் கூடாது.

போப்பையர்

போப் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்ல. 1820-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந்தேதி, இன்றைக்கு கனடாவைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. 1839-ல், பத்தொன்பது வயதில், பாதிரியாக வேலை செய்யச் சென்னைக்கு வந்து இறங்கினார். தமிழ்ப் படிப்பைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டார். இங்கே வந்த பிறகு இராமானுசக் கவிராயரிடம் முறையாகப் பாடம் கேட்டார்.

சாயர்புரத்தில் பள்ளி நடத்தினார். தஞ்சாவூரில் இருந்தார். ஊட்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். கண்டிப்புக்குப் பேர் போன வாத்தியார். பிரம்பு பேசும். இந்தக் காலமாக இருந்தால் பெற்றோர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிருப்பார்கள்.

1871-ல் பெங்களூர் வந்தார். 1865-ல் ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில் தொடங்கிய பிஷப் காட்டன் பள்ளி அவர் பொறுப்பில் வந்தது. செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் இப்போதுள்ள 14 ஏக்கர் இடத்தை 47,000 ரூபாய்க்கு அவர்தான் வாங்கினார். இன்று அந்த ரோட்டில் அந்தப் பணத்துக்கு ஒரு கார் நிறுத்தும் இடம் கிடைக்குமா?

அவர் வாழ்ந்தது தண்டுப் பகுதி. 1864-லேயே ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு ஸ்டேஷனுக்கு ரெயில் வந்துவிட்டது. வடார்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து சிப்பாய்களாகவும், சமையல்காரர்களாகவும், கொத்தனார்களாகவும், கூலிகளாகவும் வந்த தமிழ் மக்கள் தெருத்தெருவாகக் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளே ஆங்கிலம், மதிலுக்கு வெளியே தமிழ். பகலெல்லாம் வெள்ளைக்கார, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்குப் பாடம். அதற்கு நடுவே தமிழை அவர் விடவில்லை.

பெங்களூர்த் தமிழர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. பம்பாயிலிருந்து வெளிவந்த "இந்தியன் ஆன்டிகுவரி" என்ற ஆராய்ச்சி ஏட்டில் 1878 முதல் சில ஆண்டுகள் திருக்குறளைப் பற்றித் தொடர்ந்து குறிப்புகள் எழுதினார் போப். அப்போது அவர் இருந்தது பெங்களூரில். 1886-ல் லண்டனில் குறள் மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது. தமிழ்நாடு பேசும் போப்பின் குறளுக்கு அடுப்பு மூட்டியது இந்த ஊரில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவர் சொன்னதையெல்லாம் நாம் ஒப்புக்கொள்ளவேண்டியதில்லை. வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனைகளைக் கேட்டிருக்கலாம் என்று அவர் எழுதினார். அதற்கு ஆதாரம் இல்லை. பாதிரியார் அல்லவா, பார்த்த இடமெல்லாம் அதுவே தெரிந்திருக்கிறது. ஆனால் 1,330 குறளையும் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்த உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1893-ல் நாலடியார், 1900-ல் தம்முடைய எண்பதாவது வயதில் திருவாசகம். 1908 பிப்ரவரியில் காலமானார்.

"இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று தம் கல்லறையில் எழுதச் சொன்னார் என மேடைதோறும் சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டு கல்லறையில் அப்படி ஒரு வரி இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் அதில் பொறித்திருக்கிறது. எனக்கு இந்த உண்மையே அந்தக் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உள்ளவர்கள் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்களே!

குதிரை மேல் வந்த இன்ஸ்பெக்டர்

இரண்டாமவர் பி.எல்.ரைஸ். இவர் பெங்களூரிலேயே 1837-ல் பிறந்தவர். தந்தை பெஞ்சமின் ரைஸ் பாதிரியார் ஐம்பது ஆண்டுகள் இந்த ஊரில் இருந்து கன்னடத்திலேயே வேலை செய்தவர். அவென்யூ ரோட்டில் கடைகளுக்கு நடுவே "ரைஸ் மெமோரியல்" என்று ஒரு சர்ச் இருக்கிறதே, அது அவர் பெயரில் உள்ளது. சாமான் வாங்கப் போகிறவர்கள் பல பேர் அரிசிக்கும் சர்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பார்கள்.

மகன் இங்கிலாந்தில் படித்துவிட்டு 1860-ல் பெங்களூர் ஹைஸ்கூலுக்குத் தலைமை ஆசிரியராகத் திரும்பி வந்தார். அந்த ஹைஸ்கூல்தான் பின்னால் சென்ட்ரல் காலேஜ் ஆயிற்று. 1865-ல் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வேலை. மைசூர் சீமை முழுவதும் குதிரையில் சுற்றவேண்டும். ஊருக்குள் போனால் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், கோவில் ஒரு பக்கம். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் எழுத்து வெட்டிய கற்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊராருக்கே தெரியாது. புதையல் இருக்கும் இடத்தைச் சொல்கிறது என்று நம்பியவர்கள்கூட உண்டு.

ரைஸ் படிக்கத் தொடங்கினார். பண்டிதர்களைக் கூட வைத்துக்கொண்டார். 1879-ல் "மைசூர் கல்வெட்டுகள்" என்ற புத்தகம் வந்தது. பிறகு தொல்லியல் துறையே அவர் கைக்கு வந்தது. 1886-ல் குடகுக் கல்வெட்டுகளோடு தொடங்கிய "எபிகிராபியா கர்னாடிகா" பன்னிரண்டு தொகுதிகளாக வளர்ந்தது. அதில் உள்ள கல்வெட்டுகள் சுமார் 9,000. 1892-ல் சித்திரதுர்க்கா பகுதியில் அசோகச் சக்கரவர்த்தியின் கட்டளைகளைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவரும் இவரே. கன்னடத்தார் இவரை "சாசன பிதாமகர்" என்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர் பொருத்தமானது.

கல்வெட்டைப் படியெடுப்பது லேசான வேலை அல்ல. முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவவேண்டும். காகிதத்தை நனைத்து அதன் மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை பிரஷால் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும் மையை ஒற்றினால் மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். காற்று அடித்தால் காகிதம் கிழியும். மழை வந்தால் எல்லாம் போச்சு. இப்படி ஒன்பதாயிரம்!

1906-ல் ரைஸ் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலிக்கு வந்தவர் ஆர்.நரசிம்மாச்சார். கன்னடப் புலவர்களின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய பெரிய அறிஞர். தமிழிலும் ஆழ்ந்த புலமை உள்ளவர். அந்த நாளில் இரண்டு மொழியையும் ஒரே தலையில் வைத்துக்கொள்வது அதிசயமாக இருக்கவில்லை.

கல் சொல்லும் கதை

பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளும் கோலார் மாவட்டக் கல்வெட்டுகளும் 1905-ல் வெளிவந்தன. புரட்டிப் பார்த்தால் ஏராளமான தமிழ்க் கல்வெட்டுகள். தங்கவயல் அன்பர்களுக்குக் கோலாரம்மா கோவில் தெரியும். அங்கே சோழர்களின் தமிழ் எழுத்துகள் உள்ளன. இந்தப் பகுதிக்கே அவர்கள் காலத்தில் நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர்.

உடனே நம்மவர்களில் சிலர், "பார்த்தாயா, ஊரே நம்முடையது" என்று மீசையை முறுக்குகிறார்கள். கொஞ்சம் பொறுக்கவேண்டும். பேகூர்ப் பஞ்சலிங்கேசுவரர் கோவிலில் சுமார் கி.பி.890-ஐச் சேர்ந்த ஒரு வீரக்கல் இருக்கிறது. பெங்களூர்ச் சண்டையில் இறந்தவனைப் பற்றியது. இந்த ஊரின் பெயர் வருகிற மிகப் பழைய கல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது கன்னடம், பழைய கன்னடம். வல்லாள ராஜாவுக்குக் கிழவி வேகவைத்த பயறு கொடுத்ததால் "பெந்தகாளூரு" ஆயிற்று என்ற கதையை அந்த ஒரு கல் கவிழ்த்துவிட்டது. வல்லாளர் வருவதற்கு முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

சரி, ஊர் கன்னடத்தாருக்கு மட்டும் என்று அந்தப் பக்கத்தில் யாராவது சொன்னால், அவர்களை தொம்மலூருக்கு அழைத்துப் போகவேண்டும். அங்கே சொக்கப்பெருமாள் கோவில் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. ஒரு கல்வெட்டு கோவிலுக்கு இரண்டு வாசற்கால் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்று பெருமாளுக்கு வரி வருமானத்தை எழுதிவைத்ததைச் சொல்கிறது. எழுதிவைத்த ராஜா சோழன் அல்ல, பாண்டியன் அல்ல. போசளர் குலத்து ராமநாதன். கன்னட நாட்டு ராஜகுலம், தமிழில் சாசனம்!

அந்தப் போசளர்கள் ஆண்ட இன்னொரு தலைநகரம் எது தெரியுமா? திருச்சிக்குப் பக்கத்தில் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர். அங்கே அவர்கள் கட்டிய போசளீசுவரத்தை இன்று போஜீஸ்வரன் கோவில் என்கிறார்கள். மாரியம்மனைக் கும்பிடப் போகிற நம் ஜனங்கள், கன்னட ராஜாவின் கோவிலுக்குப் பக்கத்திலேயே முடியிறக்கிவிட்டு வருகிறார்கள். வந்தவன் போனவன் கணக்கு எழுநூறு ஆண்டுக்கு முன்பே குழம்பிவிட்டது.

வெங்களூரும் பெங்களூரும்

மடிவாளா சோமேசுவரர் கோவிலின் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பழையது 1247-ம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூர்க்காரர் ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்த செய்தி அதில் வருகிறது. வேப்பூர்தான் இன்றைய பேகூர். வெங்களூர்தான் பெங்களூர்.

இது எழுத்துப்பிழை அல்ல. நம் "வ" கன்னடத்தில் "ப" ஆகும், கம்பத்தில் வருகிற "ப" ஓசை. வில் என்றால் அங்கே பில்லு. வேர் என்றால் பேரு. வெள்ளி பெள்ளி. விரல் பெரளு. வேண்டும் என்பது பேக்கு. இதைத் தெரிந்துகொண்டவனுக்கு வெங்களூர், பெங்களூர் இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்த சொல்தான்.

நம் "ப" அங்கே "ஹ" ஆகும். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கன்னடக் கற்களில் இந்த "ஹ" இல்லை. அங்கேயும் "ப"தான். அதாவது ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கன்னடத்தாரின் புலி, நம் புலியாகவே இருந்தது. பிறகுதான் அவர்கள் வாயில் ஹுலி ஆயிற்று. நம் "ச" சில இடத்தில் அங்கே "க". செவி கிவி, சேரி கேரி. நாம் ஒன்றை மாற்றிக்கொண்டோம், அவர்கள் ஒன்றை மாற்றிக்கொண்டார்கள். இந்தக் கணக்கை 1856-லேயே இடையன்குடி கால்டுவெல் புத்தகமாக எழுதினார். 1894-ல் வெளிவந்த கிட்டலின் கன்னட அகராதி சுமார் 70,000 சொற்கள் கொண்டது. கிட்டல் ஜெர்மானியப் பாதிரியார். கன்னடச் சொல்லுக்குப் பக்கத்திலேயே உறவான தமிழ்ச் சொல்லையும் கொடுத்திருக்கிறார். அவரும் வெளியூரிலிருந்து வந்து படித்தவர்தான்.

மடிவாளாவின் இன்னொரு கல்வெட்டு மூன்றாம் வல்லாளன் காலத்தது. தாமரைக்கிரை என்ற இடத்தில் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. மடிவாளாவுக்கு அடுத்தாற்போல் இன்றும் தாவரெகெரெ இருக்கிறது. கன்னடத்தில் தாவரெ என்றால் தாமரை, கெரெ என்றால் ஏரி. கல்லில் எழுதியவர் முன்பாதியைத் தமிழாக்கிவிட்டு, பின்பாதியை அப்படியே விட்டுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் "மனெ பக்கத்துல" என்று பேசுவதைப் போல.

பார்சல் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கணக்கு உதவுகிறது. கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்து கன்னடத்தில் கேட்டால், பாதிச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குள்ளேயே இருக்கிறது. எழுத்தை மட்டும் படிக்கப் பழகிக்கொள்ளவேண்டும். கூட வேலை செய்யும் மாண்டியாக்காரர் சாப்பாட்டு நேரத்தில் பழைய சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். மூன்று மாதத்தில் பஸ் போர்டு படிக்க வந்துவிட்டது. நான் மெட்ரிக்குலேஷன்தான். பெரிய படிப்பு தேவைப்படவில்லை. இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தும் "பஸ் எங்கே போகிறது" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிற நம்மவர்கள் இருக்கிறார்கள். போப் பத்தொன்பது வயதில் 247 எழுத்தைக் கற்றுக்கொண்டார் என்று கைதட்டுகிற நாம், ஐம்பது எழுத்துக்குச் சோம்பல்படுவதில் நியாயம் இல்லை. பிறமொழிக்காரர்களுக்குக் கன்னட வகுப்பு நடத்தும் வேலையை கன்னட அபிவிருத்தி பிராதிகாரமே செய்கிறது.

தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991-ல் வந்து நின்றது. திறக்க முடியாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நம் ஜனங்கள் பட்ட சங்கடம் கொஞ்சமல்ல. 2009 ஆகஸ்டு 9-ந்தேதி கலைஞர் திறந்துவைத்தார், எடியூரப்பா தலைமை வகித்தார். நாலே நாளில், 13-ந்தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. வள்ளுவர் மூன்று அடியைக்கூடத் தாண்டாமல் இரண்டடியில் முடித்தவர். சர்வக்ஞர் மூன்றடியில் சொன்னவர். சிலைக்குச் சிலை என்று சரியாகிவிட்டது. சர்வக்ஞர் என்ன சொன்னார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

கற்கள் போகின்றன

ரைஸ் படியெடுத்த கற்களில் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. ஏரியை மூடி லேஅவுட் போட்டபோது சில போயின. கடைக்காலுக்குள் சில போயின. துணி துவைக்கும் கல்லாகச் சில தேய்ந்தன. 2018-ல் எப்பால் பகுதியில் தோண்டியபோது எட்டாம் நூற்றாண்டு வீரக்கல் ஒன்று வெளிப்பட்டது. கன்னடக் கல். மண்வெட்டி பிடித்தவர் இன்னும் இரண்டு போடு போட்டிருந்தால் அதுவும் சல்லிதான்.

இந்த நகரில் கட்டடக் கூலி வேலை பார்ப்பவர்களில் நம்மவர்கள் அதிகம். கடப்பாறை அவர்கள் கையில்தான் இருக்கிறது. எழுத்து வெட்டிய கல் கிளம்பினால், தமிழோ கன்னடமோ, மேஸ்திரியிடம் சொல்லி வேலையை நிறுத்தலாம். நிருபதுங்கா ரோட்டில் உள்ள மிதிக் சொசைட்டி 1909-ல் தொடங்கிய பழைய சங்கம். 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாகப் பிடித்துவைக்கும் வேலையை நடத்தி வருகிறார்கள். மைப்படிக்கு அடித்த பிரஷின் வேலையை இப்போது ஒளி செய்கிறது. தகவல் கொடுத்தால் அவர்கள் வருவார்கள்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு மடிவாளா கோவில் சுலபம். ஓசூர் ரோட்டில் போகும் எந்த பஸ்சிலும் மடிவாளாவில் இறங்கிக் கேட்டால் சொல்வார்கள். உச்சிவெயிலில் போனால் எழுத்து கண்ணுக்குப் படாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது சுவரை ஒட்டி நின்று பார்க்கவேண்டும். முதலில் கீறல் மாதிரி இருக்கும். பத்து நிமிடம் கழித்து ஒரு "க" தெரியும், பிறகு ஒரு "ம". பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் கண் கூர்மை.